ஃபாகரை நிறுத்துங்கள், தார்பாயை அவிழுங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் தகரக் கொட்டகையில் நான்கு கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன் சார். கத்திரி ஆரம்பித்ததிலிருந்து வாயைப் பிளந்து இரைக்கின்றன, பால் பாதியாகிவிட்டது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு, தண்ணீரைப் புகை மாதிரி பொடித்துளியாகத் தெளிக்கும் ஃபாகர் மாட்டினேன், குளிர்ச்சி வெளியே போகாமல் சுற்றிலும் தார்பாயும் கட்டினேன். காசிமேட்டு ஐஸ் பாரை உடைத்துத் தொட்டியில் போடுகிறேன். இன்னொரு லைன் ஃபாகர் போடலாமா?

பதில்: வேண்டாம். இருப்பதையே நிறுத்துங்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த ஈரக் காற்று எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான்.

ஒரு லிட்டர் தண்ணீர் மாட்டின் தோலிலிருந்து ஆவியாகிப் போனால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே தண்ணீர் உடம்பில் பட்டு பத்து டிகிரி சூடேறி அப்படியே வடிந்தால் வெறும் 10. உங்கள் ஐஸ் கிலோவுக்கு 80, அதாவது ஒரு லிட்டர் ஆவியாகிற வேலைக்கு ஏழு கிலோ ஐஸ் உருக வேண்டும். தண்ணீர் ஊற்றுவது பெரிதில்லை, அது காய வேண்டும். கடலோரத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் ஏகத்துக்கும் இருக்கிறது, அதையும் தார்பாய் போட்டு அடைத்துவிட்டு உள்ளே ஃபாகர் அடித்தால் எங்கிருந்து காயும்? மாடு நாக்கைத் தள்ளி இரைப்பதும் மூச்சு வழியாக ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை இறக்கத்தான், அதையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறீர்கள். முதுகு முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். நுனியில் பொடித்துளி நிற்கும், அடித்தோல் நனைந்தே இருக்காது.

வறண்ட ஊரில், காற்றோட்டம் உள்ள பண்ணையில் ஃபாகர் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் எண்ணூர் பக்கத்துக் கடலோரத்துக்கும் அதையே விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது, சொன்னால் வியாபாரம் நடக்காது, அவ்வளவுதான்.

கடல் பக்கத்துத் தார்பாயை இன்றே அவிழுங்கள், மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று காசில்லாமல் கிடைப்பது. ஹோஸில் பெரிய துளியாகத் தோல் நனையும்வரை அடித்து, நிறுத்திவிட்டு, ஃபேனைப் போட்டுக் காயவிட்டு, அப்புறம் திரும்ப நனையுங்கள். மடிக்குத் தண்ணீர் வழிய விடாதீர்கள், மடிநோய் வந்துவிடும். எர்த் இல்லாமல் ஃபேன் மாட்டவே வேண்டாம், ஈரத்தரையில் நிற்பது மாடு. தகரத்தின் மேல் கீற்று பரப்புங்கள், ஐஸ் காசு அதற்கு ஆகும்.

ஒன்று மட்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்திலும் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அதை வெயில் கணக்கில் எழுதாதீர்கள், அன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.