ஆர்சி (ரிமோட்டில் பறக்கும் மாதிரி) விமானத்துக்கு எந்த மோட்டார்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சார், முதல் டிரெய்னர் (பறக்கப் பழகும் விமானம்) கட்டுகிறேன். பேட்டரியோடு சேர்த்து 1 கிலோ வரும். எந்த மோட்டார் வாங்கலாம்?

எடையைச் சொல்லிக் கேட்டீர்கள், நல்லது. பலர் இறக்கை நீளத்தை மட்டும் சொல்கிறார்கள். அதை வைத்து மோட்டார் சொல்ல முடியாது. டிரெய்னருக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும். லூப், ரோல் அடிக்கும் ஸ்போர்ட் விமானத்துக்கு 250 முதல் 300. மூக்கை வானம் பார்க்க நிறுத்தி அந்தரத்தில் தொங்கவிட வேண்டுமென்றால் 400 வாட் பக்கம் போக வேண்டும். இதெல்லாம் பேட்டரியிலிருந்து இழுக்கும் வாட் கணக்கு.

உங்களுக்கு 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 11.1 வோல்ட், 200-ஐ 11.1-ஆல் வகுத்தால் 18 ஆம்ப். அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுற்றும்) மோட்டார் தன் எடையில் கிராமுக்குச் சுமார் 3 வாட் தாங்கும் என்று நான் கணக்கு வைப்பேன். ஆக, 70 கிராம் எடையுள்ள பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) அவுட்ரன்னர் தேடுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ஒரே மோட்டாரை 2212 என்றும் 2830 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 2212 என்பது உள்ளே கம்பி சுற்றியிருக்கும் ஸ்டேட்டரின் அளவு: விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12. சில கம்பெனிகள் வெளிக்கூட்டை அளந்து 28, 30 என்று போடுகின்றன. குழம்பினால் எடையைப் பாருங்கள், அது ஏமாற்றாது.

அண்ணே, கேவி கூடினால் பவர் கூடும்தானே? 1000-க்குப் பதில் 1400 வாங்கலாமா?

தம்பி, நிறையப் பேர் வழுக்கி விழும் இடம் இது. கேவி என்பது பவர் இல்லை. சுமை இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. 1000 கேவி மோட்டார் 3 செல்லில் ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். புரொப்பெல்லர் மாட்டினால் அதில் கணிசமாகக் குறையும்.

புரொப்பெல்லர் இழுக்கும் பவர் சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 1000-த்துக்குப் போட்ட அதே 10 இன்ச் புரொப்பெல்லரை 1400-இல் மாட்டினால் கணக்குப்படி 1.4×1.4×1.4, அதாவது 2.7 மடங்கு வாட். மோட்டார் புகைந்துவிடும். கேவி ஏறினால் புரொப்பெல்லர் சின்னதாக வேண்டும்.

அதனால் புரொப்பெல்லரை முதலில் முடிவு செய்யுங்கள், மோட்டாரை அப்புறம் பார்க்கலாம். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குப் பெரிய புரொப்பெல்லர், குறைந்த கேவி. வேகமான சின்ன விமானத்துக்கு நேர்மாறு. பிட்ச்சையும் பாருங்கள்; புரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம் அது. 10×4.5 (விட்டம் 10 இன்ச், பிட்ச் 4.5 இன்ச்) புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் 36,000 இன்ச், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். இந்த வேகம், உங்கள் விமானம் ஸ்டால் ஆகும் (வேகம் போதாமல் தூக்குவிசை இழக்கும்) வேகத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு இருக்கட்டும்.

3 செல்லில் நன்றாக ஓடிய மோட்டார். 4 செல் போட்டதும் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. புரொப்பெல்லர் பழைய 10 இன்ச்தான்.

உடனே நிறுத்துங்கள். வோல்ட் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் வாட் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதே பிட்ச்சில் 8 இன்ச் போட்டால் ஏறக்குறைய பழைய வாட்டுக்கே திரும்பும். சூட்டை அலட்சியம் செய்தால் காந்தம் பலவீனமாகும். காந்தம் பலவீனமானால் கேவி ஏறும், இன்னும் கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும். ஒரு நல்ல மோட்டாரை நான் இப்படித்தான் இழந்தேன். இறக்கியதும் விரல் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடிய வேண்டும்.

40 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டால் 18 ஆம்ப் மோட்டார் எரியுமா?

எரியாது. இஎஸ்சி கரண்டைத் திணிப்பதில்லை, மோட்டார் கேட்பதைத்தான் கொடுக்கும். 18 ஆம்ப்புக்கு 30 போதும், 40-ம் சரி. பேட்டரியும் ஈடுகொடுக்க வேண்டும்: 2200 எம்ஏஎச் (2.2 ஆம்ப்-மணி) கொள்ளளவு, 25 சி (அதைப் போல் 25 மடங்கு) என்றால் 55 ஆம்ப் வரை என்று அர்த்தம். தாராளம்.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், போதும். ஆனால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். விரலை வெட்டிவிடும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

வாட்மீட்டர் தேவையா? தரையில் 22 ஆம்ப் காட்டுகிறது.

கண்டிப்பாகத் தேவை. கணக்கெல்லாம் உத்தேசம்தான்; மீட்டர்தான் உண்மை சொல்லும். விமானத்தைக் கட்டி வைத்து, பின்னால் நின்று, முழு த்ராட்டிலைச் சில விநாடி மட்டும் கொடுத்துப் பாருங்கள். பறக்கும்போது புரொப்பெல்லருக்குச் சுமை குறைவதால் கரண்ட் இறங்கும். ஆனாலும் தரையில் காட்டும் அளவே மோட்டாரின் வரம்புக்குள் இருக்கட்டும்.

பெரிய மோட்டாரே போட்டு, த்ராட்டிலைக் குறைத்துப் பறக்கலாமே?

ஓரளவு சரி, 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். அதற்கு மேல் போனால் பேட்டரியும் கனக்கும், தரையிறங்கும் வேகம் ஏறும். ஒரு விதிவிலக்கு: மூக்கு குட்டையான விமானம். பேலன்ஸுக்காக அங்கே ஈயம் வைக்கத்தான் போகிறீர்கள். அந்த எடைக்கு ஒரு பெரிய மோட்டாராகவே வைத்துவிடுங்கள்.