டிக்கெட் எடுப்பது கடைசி வேலை

பிள்ளை தத்தெடுக்கக் கடல் கடந்து போக எண்ணும் தம்பதியர் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். வீட்டில் ‘தத்து’ என்று சொல்வது இலங்கையின் அரச படிவங்களில் ‘மகவேற்பு’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு 41 வயது, கணவருக்கு 46. சென்னையில் தெரிந்த ஒருவர், கைக்குழந்தை ஒன்று இருக்கிறது, வந்து பார்த்துப் பிடித்தால் கொண்டு போகலாம் என்கிறார். இரண்டு பேரும் போய் வர ஒரு மாத விசா போதுமா?
— வெள்ளவத்தை

விசாவை விடுங்கள், முதலில் அந்தத் தெரிந்தவரை விடுங்கள். நாடு விட்டு நாடு பிள்ளை எடுப்பதை நடத்துவது 1993 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம். மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை ஆகிய மூன்றும் ஏற்றுக்கொண்ட பிறகுதான், 1995 மே 1 இல், அது நடைமுறைக்கே வந்தது. இந்தியா 2003 இல் சேர்ந்தது. அதன் 29 ஆம் உறுப்புரையின்படி, தேவையான சம்மதங்களும் தகுதிச் சான்றுகளும் முடியும் வரை, எடுக்கப் போகிறவர்கள் பிள்ளையைப் பெற்றவர்களோடு தொடர்பு வைக்கவே கூடாது. உறவுக்குள் எடுப்பதற்கு விலக்கு உண்டு. பிள்ளையை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கடதாசி வேலை தொடங்கினால், அந்தப் பார்வையே உங்கள் கோப்பைக் கெடுக்கும்.

அடுத்தது வயது. இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குவிதிகள் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டிப் பார்க்கின்றன. 2 வயது வரையான பிள்ளைக்குக் கூட்டு வயது 85 க்கு மேல் போகக் கூடாது. 4 வயது வரை 90, 8 வயது வரை 100, அதற்கு மேல் 110. உங்களுடையது 87. ஆகவே கைக்குழந்தை என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு இன்னும் வழி திறந்திருக்கிறது. கணக்கெடுப்பது பதிவு செய்யும் நாளின் வயதை. ஒரு வருடம் தள்ளிப் போட்டால் இரண்டு கூடும் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். சட்டப்படி விடுவிக்கப்பட்ட பிள்ளைக்கு 60 நாட்களுக்குள் இந்தியாவில் வாழும் பெற்றோரோ வெளிநாட்டில் வாழும் இந்தியரோ கிடைக்காவிட்டால்தான் மற்ற நாட்டவருக்கு வாய்ப்பு. உடற்குறை உள்ள பிள்ளைகள், உடன்பிறப்புகளாக இருப்பவர்கள், ஐந்து வயது கடந்தவர்கள் ஆகியோருக்கே இந்த வழி அதிகம் திறக்கும். மனதில் ஆறு மாதக் குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் நடுவழியில் உடைந்து போகிறார்கள். இருவரும் உட்கார்ந்து, எந்த வயது வரை, எந்த நோய் வரை எங்களால் முடியும் என்று இப்போதே கதைத்து முடிவெடுங்கள்.

வழி இப்படிப் போகும். முதலில் பத்தரமுல்லை செத்சிரிபாயவில் உள்ள நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களம். உங்கள் கோப்பை இந்தியாவுக்கு அனுப்புவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். இலங்கை பிள்ளை அனுப்பிப் பழகிய நாடு. எடுக்கும் நாடாக நின்று கோப்பு நகர்த்துவது அரிது, அதனால் வாய்மொழிப் பதிலை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். அவர்கள் ஏற்றால் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அது புதுடில்லியிலுள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வுக்குப் போகும். அங்கே பிள்ளை பொருந்தி, அதன் சமூக அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வரும். நீங்கள் ஒப்பிய பின் இரண்டு நாட்டு அதிகாரிகளும் இணங்க வேண்டும். பிறகு காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட நீதவானின் தத்து ஆணை, தத்து ஹேக் சமவாயப்படியே நடந்தது என்று உறுதிசெய்யும் 23 ஆம் உறுப்புரைச் சான்றிதழ், புதிய பிறப்புச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு. 2022 செப்டெம்பர் வரை ஆணையை நீதிமன்றம் தந்தது. இப்போது தருபவர், இந்தியாவில் ‘கலெக்டர்’ என்று அழைக்கப்படும் அதே அதிகாரிதான். பழைய அனுபவக்காரர் சொல்லும் நீதிமன்றக் கதைகளால் குழம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் டிக்கெட். ஆனால் பிள்ளையின் இலங்கை விசா கடைசி வேலை அல்ல. எடுக்கும் நாடு பிள்ளையை உள்ளே விட்டு நிரந்தரமாகத் தங்கவும் அனுமதிக்கும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது ஹேக் சமவாயத்தின் 5 ஆம் உறுப்புரை. எந்த விசாவில் வரும், பிரஜாவுரிமைக்கு என்ன வழி என்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் கோப்பு தொடங்கும் போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் இறக்கிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பது பிள்ளையின் தலையில் கட்டும் கடன்.

எங்கள் பத்திரங்களில் பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பிரச்சினை வருமா?
— கொட்டாஞ்சேனை

வரும். தமிழ்த் தம்பதியரின் கோப்புகள் அதிகம் திரும்பி வருவது இதனால்தான். மணப்பதிவுச் சான்றிதழில் முதலெழுத்தோடு சுருக்கமாக இருக்கும், கடவுச்சீட்டில் தகப்பனாரின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். மனைவி வங்கிக் கணக்கில் கணவர் பெயரையும் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரையும் வைத்திருப்பார். நமக்கு இது இயல்பு. டில்லியில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது நாலு ஆட்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் இருவரின் பெயரையும், ஒவ்வொரு பத்திரத்திலும் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து பட்டியலிடுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். கடவுச்சீட்டையே அளவுகோலாக வையுங்கள், ஏனென்றால் எல்லை கடப்பது அதில்தான். திருத்த முடியாததற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். தமிழில், சிங்களத்தில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும் போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதி ஐந்தாவது ஆளை உருவாக்குவார். பிறகுதான் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சி. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அத்தாட்சிக்கு மறுபடி அலைய வேண்டும்.

பொலிஸ் நற்சான்றும் மருத்துவச் சான்றும் பழசாகிவிடும். அவற்றைக் கடைசியாக எடுங்கள்.

தத்து ஆணையில் பிள்ளையின் பெயரை எழுதும் அன்று எழுத்துக்கூட்டலை இருவரும் தனித்தனியே வாசியுங்கள். ஆணையில் உள்ள பிழை பிறப்புச் சான்றிதழுக்கும் அங்கிருந்து கடவுச்சீட்டுக்கும் போகும். கொழும்பிலிருந்து அதைத் திருத்துவது பெரும்பாடு.

மாமனார் சொல்கிறார், இந்து முறைப்படி தாரை வார்த்து நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதினால் போதுமாம். உண்மையா?
— பம்பலப்பிட்டி

இந்தியாவின் 1956 ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்கிறார். உறுதி எழுதலாம், பிள்ளையை விமானத்தில் ஏற்ற முடியாது. எல்லை தாண்ட காராவின் தடையின்மைச் சான்று அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தவர்களுக்கும் வேண்டும்.

திருச்சியிலுள்ள என் மனைவியின் அக்கா தன் மூன்றாவது பிள்ளையை எங்களுக்குத் தர விரும்புகிறார். உறவு என்பதால் சுலபமா?
— தெஹிவளை

சற்றுச் சுலபம். யார் உறவு என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது: பிள்ளையின் பெரியப்பா சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா சித்தி, இரு பக்கத்துப் பாட்டன் பாட்டி. உங்கள் மனைவி பிள்ளைக்குச் சித்தி, ஆகவே தகுதி உண்டு. ஒன்றுவிட்ட சகோதரியின் பிள்ளை என்றால் இல்லை, ஊரில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும். வரிசையில் நிற்க வேண்டாம், பிள்ளை பொருத்தும் கட்டம் இல்லை. ஆனால் வீட்டு அறிக்கையும் இரு நாட்டு இணக்கமும் ஆணையும் தடையின்மைச் சான்றும் அப்படியே உண்டு. குடும்ப உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்கள் தேவைப்படும், இப்போதே தேடத் தொடங்குங்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் எழுதவில்லை. அக்காவும் அத்தானும் இந்தியப் பிரஜைகளா, அல்லது அகதியாகப் போய் அங்கேயே தங்கிய இலங்கையரா? இரண்டாவது என்றால் அங்கே பிறந்த பிள்ளையும் பிறப்பால் இந்தியப் பிரஜை ஆகாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்தார்களா என்று முதலில் கேளுங்கள். கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்பது அதிலிருந்தே தொடங்கும்.

நாங்கள் இந்தியர், கொழும்பில் வேலை. தூதரகம் ஊடாகப் போட்ட விண்ணப்பம் நிறைவேறி, 10 மாதப் பெண்பிள்ளையைக் கூட்டி வரப் போகிறோம். என்ன கொண்டு போக வேண்டும்?
— நுகேகொடை

பையை விட முக்கியம், போகும் முன் பிள்ளை இருக்கும் சிறுவர் இல்லத்திடம் கேட்கும் கேள்விகள். என்ன பால்மா, ஒரு நேரத்துக்கு எத்தனை மில்லிலீட்டர், போத்தலா, கரண்டியா, பாலாடையா (மூக்கு வைத்த சிறு கிண்ணம்), சூப்பியின் துளை எவ்வளவு பெரியது? பாலாடையில் குடித்துப் பழகிய பிள்ளை போத்தலைத் துப்பும். அதைப் பசியில்லை என்று எண்ணி ஏமாறுவார்கள். இந்த வயதில் நாளுக்கு 500 முதல் 600 மில்லிலீட்டர் பாலும் மூன்று நேரம் குழைத்த உணவும் சராசரி.

அதே பால்மாவை இரண்டு கிழமைக்கு வாங்குங்கள். கொழும்புப் பால்மாவுக்கு மாறுவதை வீடு வந்து பத்து நாள் கழித்து, நாளுக்கு ஒரு நேரமாக மாற்றிச் செய்யுங்கள். டின்னுக்கு டின் கரண்டி அளவு வேறு. ஒன்றில் ஒரு கரண்டிக்கு 30 மில்லிலீட்டர் என்றால் இன்னொன்றில் 60. பழைய கரண்டியால் புதிய மாவை அளந்து கெட்டியாகக் கரைத்துக் கொடுத்துவிட்டு, வயிற்றுக் குழப்பத்துக்குச் சென்னைத் தண்ணீரைத் திட்டுவது வழக்கமான தவறு. மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது, அதற்கு நல்ல ஃபிளாஸ்க் வேண்டும். கரைத்த பாலை ஆறவைத்துக் கொடுங்கள். வெளியே வைத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் ஊற்றிவிடுங்கள்.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பைக்கற்றுகள் நாலைந்து இங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள். இந்தியக் கடைகளில் 200 மில்லிலீட்டருக்கான சிறிய பைக்கற்றும் ஒரு லீட்டருக்கானதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பெரியதைச் சிறிய கோப்பையில் கரைத்தால் உப்பு ஏறி ஆபத்து. தண்ணீராகப் போனால் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லிலீட்டர், கரண்டி கரண்டியாக. சிறுநீர் போவது குறைந்தால், பிள்ளை துவண்டால், வைத்தியரிடம் போங்கள்.

இல்லத்தில் அவள் படுத்த துணி ஒன்றைத் தோய்க்காமல் கேட்டு வாங்குங்கள். அந்த மணம்தான் முதல் வாரத் தூக்கம். பிள்ளையை வாங்கிய அன்றே பறக்காமல் மூன்று நாலு நாள் ஒரே அறையில் இருங்கள். விமானத்தில், முக்கியமாக இறங்கும் போது, குடிக்கக் கொடுங்கள், காது அடைக்காது.

கணவருக்கு ஒரு செய்தி. இல்லங்களில் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மீசையும் கனத்த குரலும் பிள்ளைக்குப் புதிது, அதனால் அப்பாவைக் கண்டு வீரிடலாம். தூக்க முயலாமல் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நாளுக்கு ஒரு நேரச் சாப்பாட்டை நீங்களே ஊட்டுங்கள். அழாமல் யார் கைக்கும் போகிற பிள்ளையைக் கண்டு மகிழவும் வேண்டாம். யார் தன் ஆள் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பார்க்க வரும் சனத்தை இரண்டு கிழமையாவது வாசலோடு நிறுத்துங்கள். கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஊசி அட்டையைப் பத்திரப்படுத்தி, இங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்ப நல மாதுவிடம் காட்டுங்கள். அட்டவணைகள் ஒன்றல்ல. ஐந்து நோய்க்கான ஊசி இந்தியாவில் 6, 10, 14 கிழமைகளில். இங்கே 2, 4, 6 மாதங்களில். 9 ஆம் மாதம் இந்தியாவில் சின்னமுத்து, ருபெல்லா இரண்டுக்கும். இங்கே கூகைக்கட்டும் சேர்ந்தது. இங்கே 12 ஆம் மாதத்தில் போடும் ஜப்பானிய மூளையழற்சி ஊசி இந்தியாவில் சில மாவட்டங்களில் மட்டுமே. எது மிச்சம் என்பதை அவர்கள் கணக்கிடட்டும்.

ரொறன்ரோவிலுள்ள தங்கையும் கணவரும் கொழும்புக்கு வந்து ஒரு பிள்ளை எடுக்க விரும்புகிறார்கள். நான் இங்கே ஒரு இல்லத்தில் பார்த்து வைக்கலாமா?
— வத்தளை

வேண்டாம். வெளிநாட்டில் வாழும் மனுதாரருக்குப் பிள்ளையைக் குறிப்பது நன்னடத்தை ஆணையாளர். அதுவும் அரச இல்லங்களிலிருந்தும் ஐந்து வருடமாவது பதிவில் உள்ள இல்லங்களிலிருந்தும்தான். எண்பதுகளில் இங்கே நடந்த குழந்தை வியாபாரத்துக்குப் பிறகு, 1992 இல் சட்டத்தைத் திருத்திப் போட்ட பூட்டு இது. தமிழர் என்பதோ யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதோ பொருட்டல்ல. எங்கே வாழ்கிறார்கள் என்பதே கேள்வி.

அவர்கள் ஒன்ராறியோவில் வீட்டு அறிக்கையையும் பயிற்சியையும் முடித்து, மாகாண அமைச்சின் அனுமதி பெற்று, கோப்பு அங்கிருந்து இங்கே வர வேண்டும். 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி மனுதாரருக்கு வயது 25 ஆகி, பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பிள்ளை 14 வயதுக்குக் கீழ். 10 வயது கடந்திருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் லீவு வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், திரும்பும் திகதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக. ஆணைக்குப் பிறகு பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பதிந்து சான்றிதழ் எடுக்க வேண்டும், அது இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை. இருவரில் ஒருவராவது கனேடியப் பிரஜை என்றால் பிரஜாவுரிமைக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தின் முதல் பகுதி பெற்றோருக்கானது, இரண்டாவது பிள்ளைக்கானது. இருவரும் வதிவுரிமை மட்டும் உள்ளவர்கள் என்றால் ஸ்பொன்சர் வழி.

ஆஸ்பத்திரியிலேயே எங்கள் பெயரில் பிறப்பைப் பதிந்து தருவதாக ஒருவர் சொல்கிறார்.
— கொழும்பு 13

குற்றம். பணம் கொடுத்திருந்தாலும் நிறுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

இந்தியாவிலிருந்து பிள்ளை வந்த பிறகும் அதிகாரிகள் வருவார்களா?
— கல்கிசை

இரண்டு வருடம். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு அறிக்கைகள், படங்களோடு. வீடு மாறினாலும் வேலைக்காக வேறு நாடு போனாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நாட்கணக்கு கட்டுநாயக்கவில் பிள்ளை இறங்கிய நாளிலிருந்து தொடங்கும். அன்றைய போர்டிங் அட்டையைக் கோப்பிலேயே குத்தி வையுங்கள்.