ஒன்றரை அடிச் சந்து: வாசகர் கேள்வி, ஓவர்சியர் பதில்

ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் 30க்கு 40 அடி சைட் வாங்கியிருக்கிறேன். மேற்கு பார்த்த மனை. இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த எலிவேஷன், அதாவது முகப்புப் படம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. முகப்புக்கு மட்டும் தனியாக மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

நீங்கள் அனுப்பிய படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு இரண்டு பக்கமும் புல்வெளி, பின்னால் நீல வானம், வாசலில் ஒரு சிவப்புக் கார். கரண்ட் கம்பம் இல்லை, மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் இல்லை, ஏசியின் வெளிப்பெட்டி இல்லை. முக்கியமாக, பக்கத்து வீடு இல்லை. உங்கள் லேஅவுட்டில் இரண்டு வருஷத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழும்பிவிடும். அதற்கப்புறம் இந்த வீடு எப்படியிருக்கும் என்று ஒரு படம் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

மேற்கில் கண்ணாடி வேண்டவே வேண்டாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெயில் பட்டுச் சூடான தரையும் சோபாவும் கக்குகிற அனலை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காரின் கதவைச் சாயங்காலம் திறந்து பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓசூர் குளிர்ந்த ஊர், சமாளித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஏப்ரல் மாதம் நான்கு மணிக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லட்டும்.

சரி, முகப்பை விடுங்கள், பிளானுக்கு வருவோம். படுக்கையறை இரண்டுக்கும் ஆளுக்கொரு ஜன்னல், இரண்டுமே பக்கவாட்டுச் சந்தில். அப்ரூவல் பிளானில் அந்தச் சந்து மூன்று அடிக்கு மேல் இருக்கிறது. வேலைக்கான பிளானில் ஒன்றரை அடி. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்று சந்து சுருங்குவது நம் பக்கத்து வழக்கம்தான். பக்கத்து மனைக்காரரும் அதே ஒன்றரை அடி விட்டால் ஜன்னலுக்கு ஜன்னல் மூன்று அடி. அந்த வீட்டில் கடுகு தாளித்தால் உங்கள் தலையணையில் வாசம் வரும். ஆறு மாதத்தில் இரண்டு வீட்டாரும் ஜன்னலைச் சாத்தி, மேலே ஒரு திரையும் போட்டுவிடுவார்கள். பிறகு ஏசி. அந்த ஏசி அனலை ஊதுவதும் அதே சந்துக்குள்தான்.

நான் சொல்வது இது: படிக்கட்டு, குளியலறை, போர்டிகோ மூன்றையும் மேற்கே தள்ளுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகள் கிழக்கே போகட்டும். அப்ரூவலில் காட்டிய சந்தை அப்படியே விடுங்கள். வீட்டுக்கு நடுவில் நாலுக்கு ஐந்தடியில் வானம் தெரிகிற ஒரு திறப்பு வைத்து, ஒவ்வோர் அறைக்கும் அதைப் பார்த்து இரண்டாவது ஜன்னல் கொடுங்கள். காற்று வருவதற்கு ஒரு வழி இருந்தால் போதாது, போவதற்கும் ஒன்று வேண்டும். இருபது சதுர அடி வீணாகிறதே என்று இன்ஜினியர் சொல்வார். முகப்பில் தொங்கப்போகிற கண்ணாடிக்கு ஆகப்போகிற செலவை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன. நாலு பக்கமும் கற்பலகை, மேலே மூட ஒரு பலகை, ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை. செத்தவர்களுக்குக் கட்டியபோதே ஒரு துளை விட்டிருக்கிறார்கள்!

வீட்டு பிளானுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அப்படியென்றால் பிளான் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

இல்லை. 2024 ஜூலையில் வந்த திட்டம் அது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்கு, விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே சான்று சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அலைச்சல் மிச்சம், நல்ல காரியம்தான். ஆனால் எந்த அனுமதியும் உங்கள் சமையலறையில் புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பதில்லை. பழைய முறையிலும் பார்த்ததில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தருமபுரியில் மேல்மாடியில் குடியிருக்கிறோம். ராத்திரி பதினொரு மணி வரை சுவரிலும் கூரையிலும் அனல் அடிக்கிறது. வடக்குப் பக்கம் வெயில் வராது என்று சொல்லி அந்தப் பக்க ஜன்னல்களுக்குச் சன்ஷேடே வைக்கவில்லை. ஆனால் மே மாதம் அங்கேயும் வெயில் அடிக்கிறதே, எப்படி?
– வாசகி, தருமபுரி

நல்ல கேள்வி அம்மா. கட்டடம் படித்தவர்களே கோட்டை விடுகிற இடம் இது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் நான்காம் வாரத்தில் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதையும் தாண்டிப் போய்விடும். திரும்பி வர ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஆகும். இடைப்பட்ட நான்கு மாதமும் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து “வடக்கு குளிர்ச்சி” என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வடக்கு ஜன்னலுக்கும் ஒன்றரை அடி சன்ஷேடு வேண்டும். இப்போதைக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே போடுகிற திரையை விட வெளியே கட்டுகிற தட்டிக்குத்தான் வேலை செய்யத் தெரியும்.

கூரைக்கு: கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, ராத்திரி உங்கள் மேல் கொட்டுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு மேலே தட்டை ஓடு பதிப்பது பழைய வழி, இன்றைக்கும் தோற்காத வழி. அதற்கு வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். மனசு வைக்காவிட்டால், மார்ச் மாதம் மொட்டை மாடித் தரையைக் கழுவிவிட்டு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். ஒரு மழையில் கொஞ்சம் போகும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்கலாம். பெயின்ட் கடையில் விற்கிற கூல் ரூஃப் பூச்சும் அதே தத்துவம்தான், விலைதான் வேறு.

வாஸ்து பார்த்ததில் சமையலறை அக்னி மூலையில் சரியாக வந்துவிட்டது. ஆனால் மேடைக்கு மேல் ஜன்னல் வைக்கக் கூடாது என்கிறார்கள்.
– வாசகி, மத்திகிரி

அடுப்புக்கு நேராக ஜன்னல் இருந்தால் காற்றில் நெருப்பு அணையும். யாரோ ஒரு பாட்டி சொன்ன நல்ல புத்தி அது. அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே மூடச் சொல்வது வாஸ்து அல்ல, சோம்பேறித்தனம். சிங்க் இருக்கிற பக்கம் ஜன்னலை நகர்த்துங்கள். அடுப்புக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட். அக்னி பகவானுக்கும் மூச்சு முட்டாது.

ஊத்தங்கரையில் அண்ணன் கட்டிய புது வீட்டில் அம்மா மாடிப்படியில் இரண்டு முறை தடுமாறிவிட்டார். இரண்டு முறையும் கடைசிப் படியில். வயசாகிவிட்டது என்கிறார் அண்ணன்.
– வாசகி, ஊத்தங்கரை

வயசு அல்ல அம்மா, படி. ஒரு டேப்பை எடுத்து எல்லாப் படியின் உயரத்தையும் அளந்து பாருங்கள். என் ஊகம்: நடுப்படிகள் ஏழு அங்குலம், முதல் படி ஐந்தரை, கடைசிப் படி எட்டரை.

எப்படி என்றால், மேஸ்திரி கான்கிரீட்டில் படிகளைச் சமமாகத்தான் போட்டிருப்பார். அப்புறம் டைல்ஸ்காரர் வருகிறார். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் கலவையும் டைல்ஸும் சேர்த்து இரண்டரை அங்குலம் ஏற்றுகிறார். படிகளில் கிரானைட் ஒட்டுவது ஓர் அங்குலம்தான். அடியில் தரை உயர்ந்ததால் முதல் படி ஒன்றரை அங்குலம் குள்ளமாகிறது. மேலே தரை உயர்ந்ததால் கடைசிப் படி அதே ஒன்றரை அங்குலம் வளர்கிறது. நடுவில் உள்ள படிகளுக்குப் பழகிய கால், கடைசியிலும் ஏழு அங்குலத்துக்குத்தான் தூக்கும். விரல் இடித்துவிடும்.

தேசியக் கட்டட நெறிமுறைப்படி வீட்டில் படி உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கிற மிதியின் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரம். இந்த வேறுபாட்டை ஒரே படியில் சரிசெய்ய முடியாது. எல்லாப் படியிலும் கலவை ஏற்றிக் கல்லை மாற்ற வேண்டும். அது முடிகிறவரை கடைசிப் படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டி, சுவரில் ஒரு கைப்பிடி வையுங்கள். கிரானைட் பளபளவென்று பாலிஷ் போட்டதா? விளிம்பில் மூன்று கோடு கீறித் தரச் சொல்லுங்கள். கல் அறுக்கிற பட்டறை நம் மாவட்டத்தில் இல்லாத சாலையா!

அடுக்குமாடியில் கீழ்த்தளம் முழுக்க வெறும் தூண்கள், பார்க்கிங். வாங்கலாமா?
– வாசகர், சூளகிரி

தூண் விவரங்களை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். மேலே சுவரால் இறுகிய கட்டடம் கீழே வெறும் காலில் நின்றால், நிலம் அசையும்போது அந்தக் கால்தான் முதலில் முறியும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அப்படி விழுந்தவை பல.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீடு எப்படி சார்?
– வாசகர், பாலக்கோடு

மாட்டிவிட்டீர்கள். 1994இல் கட்டினேன். அப்பா கல் வேலைக்காரர். கருங்கல் பலகை நட்டுச் சுவர் வைத்து, மேலே பலகை பரப்பிய வீடுகள் எத்தனையோ கட்டியவர். மேற்கே படுக்கையறை போடாதே என்று சொன்னார். நான் டிப்ளமோ படித்தவன், கேட்கவில்லை. சாலை மேற்கே இருந்தது. முகப்பு அகலமாக, அழகாகத் தெரிய வேண்டும் என்று பெரிய படுக்கையறையை அங்கே வைத்தேன். வளைவு வைத்த ஜன்னல், அதன் மேல் பூ வேலைப்பாடு. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் கோடையிலேயே வீட்டுக்காரி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். நான் மட்டும் கௌரவத்துக்கு ஒரு வாரம் உள்ளே படுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குப் படுக்கையறை என்ற பெயரே போய்விட்டது. மாசாமாசம் களிக்கு அரைக்கிற கேழ்வரகு அங்கேதான் காய்கிறது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து மச்சினர் ஒரு மூட்டை அனுப்புவார். கீறி உப்புப் போட்டு, அந்த வளைவு ஜன்னலுக்குக் கீழே பழைய சேலையை விரித்துப் பரப்பிவிடுவாள். மூன்றே நாளில் வற்றல் தயார். மொட்டை மாடியில் போட்டால் காக்கை தொல்லை, இங்கே அது இல்லை என்பாள்.