கேஸ் இல்லாத பாக்கெட் வாட்ச்

கேள்வி: பழைய அமெரிக்க பாக்கெட் வாட்ச் ஒன்றின் மெஷினும் டயலும் மட்டும் இருக்கின்றன. பொருத்தமான கேஸ் (வெளிக்கூடு) எப்படித் தேடுவது?

பதில்: டயலை அளக்காதீர்கள். அதற்கு அடியில் உள்ள தட்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து பாருங்கள். 39.8 மி.மீ. என்றால் 12 சைஸ், 43.2 என்றால் 16, 44.9 என்றால் 18.

அடுத்து, சின்ன விநாடி வட்டம். அது 6-இல் இருக்க, ஸ்டெம் (குமிழோடு சேர்ந்த தண்டு) நுழையும் துளை 12-க்கு நேரே இருந்தால் மூடி இல்லாத ஓபன் ஃபேஸ் கேஸ். துளை 3-க்கு நேரே இருந்தால் மூடி போட்ட ஹன்டர் கேஸ். மாற்றிப் போட்டால் 3 உச்சியில் வந்து நிற்கும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

சைஸ் சரியாக இருந்தும் பலர் தடுமாறுவது ஸ்டெம்மில்தான். இந்த வாட்ச்கள் பலவற்றில் ஸ்டெம் மெஷினோடு வராது. கேஸின் கழுத்துக்குள் ஸ்லீவ் என்ற சிறு குழாய் அதைப் பிடித்திருக்கும். ஆகவே ஸ்டெம், ஸ்லீவ் இரண்டும் உள்ள கேஸையே வாங்குங்கள். மாட்டியபின், குமிழை அழுத்தித் திருகியும் சாவி ஏறாமல் முள் சுற்றினால் ஸ்டெம் போதிய ஆழம் போகவில்லை. ஸ்லீவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். குமிழை இழுத்தும் முள் நகராவிட்டால் ஸ்லீவைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

டயல் ஓரத்தில் லீவர் (சிறு நெம்புகோல்) இழுத்து நேரம் வைக்கும் வகையானால், கேஸ் விளிம்பில் அதற்கு இடம் வேண்டும். பழைய கேஸானால், விளிம்பின் உட்புறத்தில் முன்பு மெஷினைப் பிடித்திருந்த திருகுகள் அழுத்திய தடங்கள் தெரியும். உங்கள் மெஷினின் திருகுகளோடு அவை ஒத்துவந்தால் நல்ல அறிகுறி. இறுக்கமாக இருக்கிறதென்று மெஷின் தட்டை அரம் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.