ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் மட்டும் போதுமா?

ஒன்றரை வயது மகளுக்குப் பேதி தண்ணீராகப் போகிறது, டாக்டர் ஓஆர்எஸ்ஸும் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) ஜிங்க்கும் (துத்தநாகச் சத்து மருந்து) மட்டும் கொடுத்தார், ஏன் ஆன்டிபயாடிக் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது சரிதான், சகோதரி. இது பெரும்பாலும் வைரஸ் வேலை. ஈகோலை போன்ற பாக்டீரியா என்றாலும், இப்படித் தண்ணீராகப் போக வைக்கும் வகைகளின் நச்சு பெரும்பாலும் குடலைப் புண்ணாக்குவதில்லை. குடல் செல்களிலிருந்து உப்பை வெளியே தள்ள வைக்கிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஆனால் குளுக்கோஸோடு சோடியத்தை (உப்பில் இருப்பது) உள்ளே இழுக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். ஓஆர்எஸ் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50–100 மில்லி, கரண்டி கரண்டியாக. பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்து துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.