சிக்குன்குனியாவுக்குப் பிறகு எகிறும் பிபி: மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரையும் பிபியும் பல வருடங்களாக உண்டு. டெல்மிசார்டன் 40 மாத்திரையில் பிபி 130/80 பக்கமே இருந்தது. போன மாதம் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, மூட்டுவலி விடவில்லை. மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். இப்போது பிபி 160, 170 என்று காட்டுகிறது, காலும் லேசாக வீங்குகிறது. டெல்மிசார்டனை 80 ஆக்கிவிடலாமா?

பதில்: நீங்களாக ஆக்காதீர்கள். அதற்காக 40-ஐ நிறுத்தியும் விடாதீர்கள். முதலில் அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டி, காய்ச்சலுக்குப் பிறகு புதிதாக என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு அந்த வலி மாத்திரை மேல்தான் பெரிய சந்தேகம்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் இவற்றில் எது அட்டையில் இருந்தாலும் கதை ஒன்றுதான். இவை சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதைக் குறைக்கின்றன, அதனால் பிபி ஏறும், கால் வீங்கும், டெல்மிசார்டன் செய்யும் வேலையும் பாதி வீணாகும். எட்டோரிகாக்சிப்பை, பிபி 140/90-க்கு மேல் கட்டுப்படாமல் நிற்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை வேறு இருப்பதால் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் போட்டால் வலி மாத்திரை, டெல்மிசார்டன், நீர் மாத்திரை மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று மடக்கிவிடலாம். அதனால் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரை ஏதாவது இருக்கிறதா? அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு, வலி உடனே பறந்துபோகும், ஆனால் சர்க்கரையும் பிபியும் சேர்ந்து ஏறும். அதை மட்டும் வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

அப்புறம் கஷாயம். காய்ச்சலுக்குப் பிறகு அதிமதுரம் போட்டுக் காய்ச்சித் தருவது நம் வீடுகளில் வழக்கம். தினமும் குடித்தால் அதிமதுரமும் உப்பைத் தேக்கி பிபியை ஏற்றும், பலருக்கு இது தெரிவதே இல்லை. வாய் கசக்கிறது என்று கஞ்சிக்கு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்திருந்தால் அதையும் விடுங்கள், நாள் முழுக்க எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதற்கு மாறாதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். தினசரி இளநீரும் இந்தக் காரணத்துக்காகவே இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டொரு நாளுக்குள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறியிருக்கும் நேரத்தில் டெல்மிசார்டனைக் கூட்டினால் கெடுதல்தான், வேண்டாம் என்று நான் சொன்னது அதனால்தான். அவை சரியாக இருந்து, வலி மாத்திரை விட்ட பிறகும் பிபி இறங்காவிட்டால் உங்கள் மருத்துவர் அளவைக் கூட்டுவார், அல்லது வேறொன்றைச் சேர்ப்பார்.

வலிக்கு என்ன செய்வது? பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், வலி இருக்கும்போது மட்டும். நாளுக்கு 4 கிராம் தொடர்ந்து சாப்பிட்ட பிபிக்காரர்களுக்கு மேல் அளவு 5 புள்ளி வரை ஏறியதாக 2022-ல் எடின்பரோவில் நடந்த ஆய்வு சொல்கிறது, அதனால் இதையும் கணக்கில்லாமல் போட வேண்டாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையில் சோடியம் அதிகம், அது வேண்டவே வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் நல்லது, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூட்டை நீங்கள் உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள். இந்த மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். மூன்று மாதம் தாண்டினால் மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிபி பார்க்கும் முறையும் முக்கியம். வலியில் முனகிக்கொண்டு இருக்கும்போது பார்த்தால் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில், பேச்சு கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை, காலையும் மாலையும், ஒரு வாரம் எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள், வீட்டில் அது 135/85-க்குள் இருக்க வேண்டும், அம்மா மாதிரி சர்க்கரை உள்ளவர்களுக்கு 130/80-க்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது.

180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைத்து மட்டும் இறக்காதீர்கள், பிபி மளமளவென்று சரிந்து பக்கவாதமே வரலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறல், குழப்பம், சிறுநீர் மிகவும் குறைவது இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பிபி எவ்வளவு காட்டினாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.