பிரசவ பயம் இன்னும் விடவில்லை: எந்த டாக்டரைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 27 வயது. பிரசவமாகிப் பத்து வாரம் ஆகிறது. கடைசி நேரத்தில் அவசர சிசேரியன், அப்புறம் நிற்காத ரத்தப்போக்கு, நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் கண்ணை மூடினால் ஆபரேஷன் தியேட்டர் விளக்கு தெரிகிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. தடுப்பூசிக்குக்கூட அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியவில்லை. ‘தாயும் பிள்ளையும் நல்லபடியா வந்தாச்சே, இன்னும் என்ன?’ என்கிறார்கள் வீட்டில். யாரைப் பார்ப்பது? பால் கொடுக்கும்போது மாத்திரை சாப்பிடலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் தடுப்பூசி. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பத்தாவது வார ஊசியைப் பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அட்டையைக் கொடுத்து உங்கள் அம்மாவையும் கணவரையும் அனுப்பிவிடுங்கள். அந்த ஆஸ்பத்திரி வாசலை எப்படித் தாண்டுவது என்பதைச் சிகிச்சை தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்வதெல்லாம் பி.டி.எஸ்.டி.யைத்தான், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன அழுத்த நோயைத்தான் நினைவூட்டுகிறது. பெரிய விபத்தில் உயிர் தப்பியவர்களுக்கு வருமே, அதேதான். பிரசவித்த நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு இது வருகிறது என்கின்றன ஆய்வுகள். உயிருக்கு ஆபத்து வந்து மீண்டவர்களிடம் இன்னும் அதிகம். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது வேறு, அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். காட்சி திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தை ஒதுக்குவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் ஒரு மாதம் கடந்தும் தொடர்ந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். குழந்தை நலமாக இருப்பதால் உங்கள் உடம்பு பட்டது இல்லையென்று ஆகிவிடாது. வீட்டில் இதைச் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

மகப்பேறு டாக்டரிடம் ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வழக்கமாகக் கேட்கும் எடின்பரோ பட்டியலில் 10 கேள்விகள் இருக்கின்றன. அது மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உருவானது, இந்த பயம் அதில் தப்பிவிடலாம். அதனால் எனக்கு எழுதியதை அப்படியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘ரத்தம் போனபோது செத்துவிடுவேன் என்று நினைத்தேன்’ என்பதையும் விடாதீர்கள். ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரண்டுமே இந்தச் சமயத்தில் படபடப்பையும் களைப்பையும் கூட்டும்.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. காலை ஓ.பி.க்குப் போகலாம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் உண்டு. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். அங்கே போவதென்றாலே நம் ஊரில் ஒரு கிண்டல் இருக்கிறது, சினிமா செய்த வேலை! ஓ.பி.யில் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள்தான் அங்கே பெரும்பாலோர். தனியாரிடம் போவதானால், ‘கவுன்சலர்’ போர்டை மட்டும் நம்பாதீர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா, பி.டி.எஸ்.டி.க்கான சிகிச்சையில் பயிற்சி உண்டா என்று போனிலேயே கேளுங்கள்.

பேச்சு சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி., அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை, பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் வரை போகும். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் பலன் தருகிறது. இரண்டிலுமே நினைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பாக அழைத்துப் போவார்கள். குழந்தையைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்த ராத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்ல வைப்பது வேறு விஷயம். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன, டாக்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள்.

உங்களையோ குழந்தையையோ எதாவது செய்துகொள்ளத் தோன்றினால், தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாத பேச்சு வந்தால், இல்லாத குரல் கேட்டால், ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. வீட்டார் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒருவேளை அட்மிட் ஆக நேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

கொஞ்சம் தெம்பு வந்ததும், அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். சிகிச்சைப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. வாங்கி வைத்துக்கொண்டு, உளவியலாளர் சரி என்றதும் பிரசவம் பார்த்த டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த குழந்தையைப் பற்றி யார் கேட்டாலும், அதுவரை ஒரு பதிலும் சொல்ல வேண்டாம்.